ஆறு மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை
பக்கவாதத்தால் பார்வை குறைந்து ஆறு மாதம் தாண்டினால் பார்வைப் பயிற்சியால் பயனில்லை என்று கட்டுரையில் வரும் வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போன பார்வை தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான், சரி. ஆனால் இருக்கிற பார்வையை வைத்துச் சமாளிக்கப் பழகுவது வேறு. என் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இரண்டு கண்ணிலும் பார்வையின் இடப்பாதி போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சை நம்பி ஒன்றரை வருடம் சும்மா இருந்தோம், இன்றும் அது உறுத்துகிறது. அப்புறம்தான் கண்ணை வேகமாக இடப்பக்கம் ஓட்டித் தேடும் பயிற்சியைத் தொடங்கினோம். மேசை முழுக்கப் புளியங்கொட்டையைப் பரப்பி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வோம். செய்தித்தாளின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினோம்; நாடா கண்ணில் படும்வரை போனால்தான் வரியின் தொடக்கம் கிடைக்கும். (வலப்பாதி போனவர்களுக்கு வாசிப்பு இன்னும் சிரமம், அடுத்து வரும் எழுத்தே தெரியாது.) இரண்டே மாதத்தில் கதவு நிலையில் இடித்துக்கொள்வது நின்றது, தலையங்கத்தை அவரே வாசித்தார். இழந்த பார்வையையே கணினிப் பயிற்சி மீட்கும் என்று கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: 1998-இல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் ஆய்வாளர்கள் அப்படிப் பலன் கிடைத்ததாகச் சொன்னது உண்மை. ஆனால் 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், கண் அசைந்தாலே பரப்பு விரிந்ததுபோலத் தோன்றும் என்பதால், கண் அசைகிறதா என்று விழித்திரையையே கருவியால் கண்காணித்துச் சோதித்தபோது பார்வைப் பரப்பு விரிந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கணினிப் பயிற்சிக்குப் பெரும் பணம் கட்டுவதற்கு முன் இந்தத் தேடும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும்.