"தீர்ந்துவிட்டது" என்று யாரைக் கேட்டு எழுதுகிறீர்கள்?

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு எஸ்எம்எஸ். "அன்பான வாடிக்கையாளரே, தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" வாயில் நுரையோடு நின்றபடி அதை மூன்று தடவை படித்தேன். வர வேண்டிய பணம் வரவில்லை, யாரும் போன் பண்ணவில்லை, யாரும் எதுவும் விசாரிக்கவில்லை, ஆனால் தீர்ந்துவிட்டதாம். இப்படித் தீர்வது இது நாலாவது தடவை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 3-ஆம் தேதி அப்பா பாளையங்கோட்டையில் ஒரு ஏடிஎம்மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்கப் போனார். அவர் கணக்கு இருப்பது ஒரு வங்கியில், அந்த ஏடிஎம் வேறொரு வங்கியுடையது. கார்டு போட்டு, பின் நம்பர் அடித்து, உள்ளே மெஷின் கரகரவென்று நோட்டு எண்ணுகிற சத்தம்கூடக் கேட்டிருக்கிறது, அப்புறம் திரை கறுத்துவிட்டது. நோட்டும் இல்லை, ஸ்லிப்பும் இல்லை. பத்தாயிரம் கழிக்கப்பட்டதாகச் செய்தி மட்டும் டிங் என்று வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது மனுஷர் அரை மணி நேரம் அந்தக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. தான் நகர்ந்ததும் பணம் வெளியே வந்து, அடுத்து வருகிறவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அன்று சாயங்காலமே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழுக்கு இரண்டு, கார்டுக்கு நாலு, ஏதோ ஒன்றுக்கு ஏழு என்று அழுத்திக்கொண்டே போனால், நடுவில் "உங்களுக்கென்றே பிரத்யேகத் தனிநபர் கடன்" என்று விளம்பரம் வேறு. பத்தாயிரத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனிடம் கடன் விற்கிற சாமர்த்தியம் யாருக்கு வரும்! கடைசியில் ஒரு பெண் எடுத்து, புகார் எண் கொடுத்தார். நேரில் கிளைக்குப் போனால் "ஏடிஎம் எங்களோடது இல்லையே சார், அங்க போய்க் கேளுங்க" என்றார்கள். அங்கே போனால் "கார்டு யாரோடதோ அவங்ககிட்டதான் சார் கேக்கணும்" என்றார்கள். இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. யாருடைய மெஷினாக இருந்தாலும் கார்டு கொடுத்த வங்கிதான் புகாரை வாங்க வேண்டும், மற்றதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு தடவை அலைய விட்டால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும்.

எட்டாம் நாள் முதல் "தீர்வு" வந்தது. "எங்கள் பதிவுகளின்படி பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது." அவ்வளவுதான், புகார் மூடப்பட்டது. எந்தப் பதிவு, யார் பார்த்தார்கள்? ஏடிஎம்முக்குள் ஒவ்வொரு அசைவும் பதிவாகிறது, பணம் நிரப்ப வருகிறவர்கள் பெட்டியில் இருப்பதை எண்ணிக் கணக்கு நேர் செய்யும்போது பத்தாயிரம் கூடுதலாக இருந்தால் தெரிந்துவிடும், மேலே கேமரா வேறு இருக்கிறது. இதையெல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டு மறுபடி எழுதினேன். பதிலுக்குப் புதிய புகார் எண் வந்தது. ஒரு வாரம் கழித்து அதே வரி, முற்றுப்புள்ளிகூட மாறாமல்.

இந்தப் புகார் எண் விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டுமென்றால் முதலில் வங்கியிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். வங்கி என்ன செய்கிறது? மூடுகிறது, நாம் கத்தினால் புது எண் தருகிறது, "இந்தப் புகாருக்கு இன்னும் கால அவகாசம் இருக்கிறது சார்" என்கிறது, அப்புறம் அதையும் மூடுகிறது. நாம் நாள் எண்ணுவது ஜூன் 3-லிருந்து, அவர்கள் எண்ணுவது நேற்றிலிருந்து. அவர்கள் கணினியில் இது நாலு வெவ்வேறு புகார், நாலும் குறித்த நேரத்தில் தீர்க்கப்பட்டவை! மேலதிகாரி பார்க்கிற அறிக்கையில் எல்லாம் பச்சை பசேலென்று இருக்கும். அதனால் எத்தனை எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எழுதும்போதெல்லாம் முதல் எண்ணையும் முதல் தேதியையும் தலைப்பிலேயே போடுங்கள்.

எக்ஸ் தளத்திலும் எழுதிப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் "சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்று பதில். அனுப்பினால் இன்னொரு புகார் எண். கூடவே வங்கியின் சின்னத்தைப் படமாக வைத்துக்கொண்டு "உதவி எண்" கொடுக்கிற திருட்டுக் கும்பல் மூன்று பேர் வந்து நின்றார்கள். உண்மையைச் சொன்னால் வங்கியை விட அவர்கள்தான் அக்கறையாகப் பேசினார்கள்.

இன்னொரு விஷயம், இதை எந்தக் கிளையிலும் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு, அதையும் நாம் கேட்காமலே கணக்கில் வரவு வைக்க வேண்டும். கேட்காமலே! நான் நாலு தடவை கேட்டு, சுற்றறிக்கையின் நகலை இணைத்து அனுப்பியும் வரவில்லை.

இதே வங்கிக்கு நம்மிடமிருந்து வாங்குவது மட்டும் எவ்வளவு சுளுவாக வருகிறது பாருங்கள். இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஒரு தடவை ஏடிஎம்மில் எடுத்தால் 2025 மே மாதத்திலிருந்து 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. அதற்குப் பதிவைச் சரிபார்க்க ஏழு நாள் வேண்டாம், கேமரா வேண்டாம், இன்னொரு வங்கியைக் கேட்க வேண்டாம். 23 ரூபாய் எடுக்கத் தெரிந்த கணினிக்கு நூறு ரூபாய் கொடுக்க மட்டும் தெரியவில்லை.

கிளையில் இருக்கிற பிள்ளைகளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்பார் அப்பா. "மேனேஜர் பையன் பாவம்டா, அவனே இன்சூரன்ஸ் பிடிக்க நாய் படாத பாடு படுறான்." சரிதான். ஆனால் அந்தப் பையன் போன மாசம் அப்பாவைக் கேட்காமலே ஒரு இன்சூரன்ஸில் சேர்த்து 436 ரூபாய் பிடிக்கப் பார்த்தான், ஐம்பது வயதைத் தாண்டினவரை அந்தத் திட்டத்தில் சேர்க்கவே முடியாது என்று கணினி சொன்னதால் தப்பித்தோம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு ரத்த அழுத்தம் தாங்காது.

ஜூலை முதல் வாரம் 30 நாள் முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் ஏற்றினேன். காசு எதுவும் கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம், சந்தேகம் என்றால் 14448-ஐ அழைக்கலாம். ஏற்றிய பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். ஐந்து வாரம் எட்டிப் பார்க்காத வங்கியிலிருந்து ஒரு அதிகாரி தேனாய்ப் பேசுகிறார். "சார், ஐயா சௌக்கியமா?" ஜூலை 24-ஆம் தேதி பத்தாயிரம் கணக்கில் வந்துவிட்டது. அதே மெஷின், அதே பதிவு, அதே கேமரா. ஜூன் மாதம் வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை ஜூலையில் எப்படித் தோற்றுப்போனது என்று கேட்டேன். "விடுங்க சார், பணம் வந்துடுச்சுல்ல, அந்தப் புகாரை வாபஸ் வாங்கிட்டா நல்லாருக்கும்" என்றார்.

வாங்கவில்லை. ஐந்து நாள் கெடு ஜூன் 8-ஆம் தேதி முடிந்தது. 9-லிருந்து ஜூலை 24 வரை 46 நாள், 4,600 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அப்பா அந்தக் கண்ணாடி அறையில் நின்ற அரை மணி நேரத்துக்கு வேறு யார் பதில் சொல்வது? அந்த 4,600-க்குத் தனியாக வங்கிக்கு எழுதியிருந்தேன். அதைத்தான் இன்று காலை "தீர்த்து" வைத்திருக்கிறார்கள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நட்சத்திரம் போடப் போனேன். பூஜ்யம் போட வழியில்லை, குறைந்தது ஒன்று போட்டே ஆக வேண்டும். போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த எஸ்எம்எஸ்: "தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் அதிருப்தி தொடர்பாகப் புதிய புகார் எண் பதிவு செய்யப்பட்டுள்ளது."