பிடித்த பிழையைத் துடைப்பது யார் வேலை?

ஒரு எக்ஸெப்ஷனை, அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழையை, பிடித்துச் சமாளித்த பிறகு அதன் தகவலைத் துடைக்க வேண்டியது நிரல் எழுதுபவரா, நிரல் மொழியா? மொழிதான். இதில் யாரோடும் சமரசம் பேச நான் தயாரில்லை.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. எடை இயந்திரத்திலிருந்து எடையை வாங்கிச் சீட்டு அடிக்கும் பழைய பைத்தான் 2 நிரல் அங்கே ஓடுகிறது. விடியற்காலையில் மல்லிகை மூட்டைகள் இறங்கும் நெரிசலில் கேபிள் ஆடி இணைப்பு விட்டுப்போனது. நிரல் பிழையைப் பிடித்தது, மறுபடி இணைத்தது, வேலையைத் தொடர்ந்தது. ஆனால் அதன் பிறகு பதிவுக் கோப்பில் விழுந்த ஒவ்வொரு பிழை வரியின் கீழும் அதே கேபிள் பிழை. சீட்டுத் தாள் தீர்ந்துவிட்டது என்ற வரிக்குக் கீழேயும் கேபிள்தான்! கடைக்காரர் கேபிளை மாற்றினார். அப்புறம் இயந்திரத்தையே பழுதுபார்க்கக் கொடுத்தார். பாவம், அது என்ன செய்யும்?

பைத்தான் 2-இல் பிடிபட்ட எக்ஸெப்ஷனின் தகவல், அதைச் சமாளிக்கும் எக்ஸெப்ட் பகுதியோடு முடியாது. பிடித்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) முடியும்வரை அப்படியே கிடக்கும். இந்தக் கடையில் அந்த ஃபங்ஷன், கடை சாத்தும்வரை சுழலும் ஒரு லூப். பதிவு எழுதும் பகுதி 'இப்போது என்ன பிழை' என்று கேட்டால், விடியற்காலைப் பிழையை எடுத்து நீட்டுகிறது மொழி. எச்சில் இலையை எடுக்காமல் அடுத்த பந்தியை உட்கார வைப்பதுபோலத்தான். எடை வாங்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்ததும் தொல்லை ஒழிந்தது.

"துடைக்கத்தான் பைத்தான் 2-இல் எக்ஸ்க்-கிளியர் என்ற கட்டளை இருந்ததே" என்பார்கள். இருந்தது. எத்தனை பேர் நினைவாக அழைத்தார்கள்? அழைத்தாலும் வம்புதான். ஒரு பிழையைச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொன்று எழுந்து அடங்கினால், வெளியே உள்ளது மறுபடி நடப்புப் பிழையாக வேண்டும். மொத்தமாகக் காலியாக்கினால் அதுவும் போய்விடும். ரூபி மொழி முன்பிருந்ததைத் தானே மீட்டு வைக்கிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-உம் அப்படியே. எக்ஸ்க்-கிளியரையும் அதில் நீக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

"துடைத்துவிட்டால் மூல காரணம் தொலைந்துவிடாதா?" என்ற கேள்வியும் வரும். தொலையாது. ஒன்றைச் சமாளிக்கும்போது இன்னொரு எக்ஸெப்ஷன் எழுந்தால், பைத்தான் 3 முதலாவதை இரண்டாவதோடு கோத்தே அனுப்புகிறது.

என் குறை வேறு இடத்தில். பைத்தான் 3-இல் எக்ஸெப்ஷன் தன் டிரேஸ்பேக்கை, அதாவது தான் வந்த வழியின் தடத்தை, தானே சுமக்கிறது. டிரேஸ்பேக், ஃபங்ஷனின் மாறிகள் இருக்கும் இடமான ஃபிரேமைப் பிடித்திருக்கிறது. ஃபிரேமில் உள்ள மாறிகளில் ஒன்று அதே எக்ஸெப்ஷன். இந்த வளையம் அறுபடாவிட்டால், அந்த ஃபங்ஷன் கையில் வைத்திருந்த பெரிய பட்டியல்கள்கூட, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் வரும்வரை நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் எக்ஸெப்ட் பகுதி முடிந்ததும் எக்ஸெப்ஷனுக்கு வைத்த பெயரையே மொழி அழித்துவிடுகிறது. நோக்கம் சரி, செய்த விதம் முரடு. அதே பெயரில் ஃபங்ஷனில் முன்பே ஒரு மதிப்பு வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்டில் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குள் வைத்த பெயர் அங்கேயே முடிகிறது; வெளியே உள்ளதைத் தொடுவதில்லை. பைத்தானில் மாறிக்கு எல்லை ஃபங்ஷன்தான், அதற்குள் உள்ள சிறு பகுதியான பிளாக் அல்ல என்பது எனக்கும் தெரியும். அந்த அடிப்படையை இனி மாற்ற மாட்டார்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் ஓர் எச்சரிக்கையாவது காட்டலாமே.