காய்ந்த மரம் என்று சொல்லி விற்றார்கள்

இன்று காலையிலும் படுக்கையறை ஜன்னல் திறக்கவில்லை. ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் என் நிலத்தில், முழு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆசையாகக் கட்டிய வீடு இது. குடிவந்து இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. அதற்குள் மூன்று ஜன்னல்களும் முன்வாசல் கதவும் இறுகிவிட்டன. கதவின் மேல்விளிம்பை இரண்டு முறை இழைத்தாயிற்று, இழைத்த இடமே மறுபடியும் பிடிக்கிறது. ஒரு ஜன்னலில் கண்ணாடியின் மூலையிலிருந்து கீறல் ஓடியிருக்கிறது.

கட்டித் தந்தவரிடம் கேட்டால், "மரம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். எனக்கு வயிறு எரிவது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். மரம் காயக் காயச் சுவர் இறங்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஏன் இடம் விடவில்லை?

இது யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது, குறுக்குவாக்கில்தான் தெரியும். கட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கும் சுவரில், ஒவ்வொரு கட்டையின் குறுக்குச் சுருக்கமும் ஒன்றுசேர்ந்து சுவரின் உயரத்தைக் குறைக்கிறது. பச்சை மரமானால் ஓரடி உயரத்துக்கு முக்கால் அங்குலம் வரை இறங்கக்கூடும் என்று கணக்கு வைப்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் எட்டடிச் சுவர் ஆறு அங்குலம் இறங்கலாம். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே இடைவெளி விட்டுப் பலகையால் மறைக்கிறார்கள், சட்டத்தைக் கட்டையோடு இறுக்காமல், சுவர் வழுக்கி இறங்கும்படி காடியில், அதாவது கட்டை முனையில் வெட்டிய நீளப் பள்ளத்தில், பொருத்துகிறார்கள். நட்டு நிற்கும் தூண் நீளத்தில் சுருங்காது என்பதால், சுவரோடு சேர்த்து அதையும் இறக்குவதற்குத் திருகு ஜாக்கி வைக்கிறார்கள். என் வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சட்டங்களை நேராகக் கட்டைகளிலேயே ஆணியடித்து முடித்துவிட்டார்கள். ஆணி பிடித்த கட்டை இறங்க முடியாமல் தொங்க, அதன் கீழ்க்கட்டை மட்டும் இறங்க, இடையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்து இரவெல்லாம் குளிர்காற்று வருகிறது. சுவர்கள் இறங்கியும் நடுத்தூண் இறங்காததால் கூரையின் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கிறது.

மரம் விற்றவர் செய்தது இன்னும் மோசம். "ஓராண்டு காய்ந்த மரம்" என்றார். அரிந்த பலகைக்கே ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவதற்கான பொதுக்கணக்கு. பத்து அங்குலக் கட்டையின் நடுப்பகுதி ஓராண்டில் எப்படிக் காயும்? ஈரமானியைக் கட்டையின் மேற்பரப்பில் குத்திக் காட்டி என்னை நம்ப வைத்தார். அந்த ஊசிகள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மீந்த கட்டை ஒன்றை நடுவில் அறுத்து, புதிய வெட்டில் ஊசியைக் குத்திப் பார்த்த அன்றுதான், பச்சை மரத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது.

கட்டைகளில் விழுந்திருக்கும் வெடிப்புகளை நான் குறையாகச் சொல்லவில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்தின் திசையில் சுருங்குவதைவிட, ஆண்டு வளையங்கள் சுற்றி ஓடும் திசையில் மரம் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குகிறது; முழுக்கட்டை வெடிக்காமல் காயாது. ஆனால் மழை அடிக்கும் பக்கத்தில் வானத்தைப் பார்த்தபடி இருக்கும் வெடிப்பு தண்ணீரைத் தேக்கும், தேங்கிய ஈரம் மரத்தை மக்கவைக்கும். அந்தப் பக்கத்திலாவது இறவாரத்தை அகலமாக நீட்டியிருக்க வேண்டாமா? ஓரடியோடு நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்காகப் பல ஆண்டுகள் சேர்த்தவனிடம், கட்டுமுன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் மரத்தைக் காயப்போட்டுக் காத்திருப்பேன்.

ஒரு மாதமாக வீட்டைக் கட்டித் தந்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இனி காத்திருப்பதற்கில்லை, வரும் வாரம் சட்டங்களின் ஆணிகளை நானே பிடுங்கி, மேலேயுள்ள கட்டையில் இடம் அறுக்கப்போகிறேன். சுவர் இன்னும் எவ்வளவு இறங்கக்கூடும் என்று, அவர் தொடக்கத்திலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கை, ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.