கோட் சரியில்ல எண்டு சொல்லாதீங்க, வட்டி எவ்வளவு எண்டு சொல்லுங்க

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துல இருந்து சொப்ட்வெயார் வேலை செய்யிற பிள்ளைகளுக்காகத்தான் இத எழுதுறன், அவங்களுக்கு வேலை குடுக்கிற ஆக்களும் வாசிச்சா நல்லம். டெக்னிக்கல் டெட் (technical debt), அதாவது அவசரத்துல கோட்ட ஒழுங்கா எழுதாம விட்டு பிறகு திருத்த வேண்டி வாற கடன் பத்தி நாம எல்லாரும் கதைக்கிறம், ஆனா நமக்குள்ளயேதான் கதைக்கிறம். காசு குடுக்கிறவருக்கும், எந்த வேலை முதல்ல எண்டு முடிவெடுக்கிற புரொடக்ட் ஓனருக்கும் விளங்கினாத்தானே அடுத்த ஸ்பிரின்ட்ல, அதாவது அடுத்த சின்ன வேலைச் சுற்றுல, ஏதாவது மாறும்?

அவங்களுக்கிட்ட போய் நாம சொல்றது "கோட் சரியில்ல சேர், ரிபெக்டர் பண்ணணும், ரெண்டு கிழம தாங்க" எண்டு. ரிபெக்டர் எண்டா வெளியில வேலை செய்யிற விதம் மாறாம கோட்ட உள்ளுக்குள்ள ஒழுங்காக்கிறது. அவருக்கு அது எப்பிடிக் கேக்கும்? ரெண்டு கிழமைக்கு புதுசா ஒண்டும் வராது, சம்பளம் மட்டும் போகும் எண்டுதான் கேக்கும். ஏலாது எண்டுதான் சொல்லுவாரு, அவர்ல பிழையில்ல.

இந்த டெட் எண்ட கதைய கொண்டு வந்தவரு வார்ட் கன்னிங்ஹாம், 1992ல, வைகேஷ் எண்ட முதலீட்டுக் கணக்கு சொப்ட்வெயார் செய்த நேரம். நிதித்துறையில இருக்கிற மேலாளருக்கு விளங்கட்டும் எண்டுதான் கடன் எண்ட பேச்சையே எடுத்தாரு. கடன் எடுக்கிறது பிழை எண்டு அவரு சொல்லல்ல. கெதியா வெளியில விட்டு, அதால படிச்சத வச்சு திரும்பி வந்து கோட்ட திருத்தினா அந்தக் கடன் உதவிதான், திருத்தாம விட்டா அந்தக் கோட்டுல போற ஒவ்வொரு நிமிசமும் வட்டி. வெள்ளாமைக்கு நகைய அடகு வைக்கிற ஊர்ல இத யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்ல. விதைக்க அடகு வச்சவர யாரும் ஏசுறதில்ல, அறுத்து வித்தாப்பிறகும் மீட்காம அடுத்த போகத்துக்கும் மேல மேல வச்சாத்தான் வீட்டுல பிரச்சின வாறது, அப்பவும் வீட்டாக்கள் கேக்கிற முதல் கேள்வி மாசம் வட்டி எவ்வளவு போகுது எண்டுதான். நாம அந்த வட்டிய மட்டும் சொல்லாம விட்டுட்டு முதல பத்தியே கதைச்சுக்கொண்டு இருக்கம்.

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு எழுதின பில்லிங் சிஸ்டம் ஒண்டப் பாத்திருக்கன். வற் வரி வீதம் நேரடியா கோட்டுக்குள்ளயே நம்பரா எழுதிக் கிடக்கு, பில் அடிக்கிற இடத்துல ஒண்டு, சாமான் திரும்பி வந்தா காசு குடுக்கிற இடத்துல ஒண்டு, மாசக்கடைசி ரிப்போர்ட்ல ஒண்டு, போன் அப்புக்கு அனுப்புற இடத்துல இன்னொண்டு. 2022 ஜூன்ல 8 வீதம் 12 ஆச்சு, அதே வருசம் செப்டம்பர்ல 15, பிறகு 2024 ஜனவரில 18. ஒவ்வொரு தரமும் ஒரு பொடியன் இரவிரவா இருந்து இடம் இடமாத் தேடி மாத்தியிருக்கான், ஒரு தரம் ரிப்போர்ட் விடுபட்டுப் போய் பில்லுல ஒரு தொகை, ரிப்போர்ட்ல ஒரு தொகை. அதோட 15 வீதத்துல வித்த சாமான் 18 வந்தாப்பிறகு திரும்பி வந்தா பழைய வீதத்துலதான் கணக்குப் பாக்கணும், இந்தக் கோட்டுக்கு பழைய வீதம் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது. திகதியோட வீதத்த ஒரு டேபிள்ல வச்சிருந்தா முதலாளியே புது வீதத்த அடிச்சிட்டு தன்ட வேலையப் பாத்திருப்பாரு.

இப்ப அந்த முதலாளிக்கிட்ட ஹார்ட்கோட் (நம்பர நேரடியா கோட்டுக்குள்ள எழுதினது) எண்டு சொல்லி என்ன வரப்போகுது? "வரி மாறின ஒவ்வொரு தரமும் எங்களுக்கு இத்தின நாள் போச்சு, ரிப்போர்ட் பிழைச்சதால உங்கட கணக்காளர் இத்தின நாள் மினக்கெட்டாரு, அடுத்த தரம் மாறினாலும் இதே செலவு வரும், ஒருக்கா சரியாக்கினா இவ்வளவுதான்" எண்டு சொல்லுங்க. வரி திரும்பவும் மாறுமா எண்டு நம்ம நாட்டுல யாருக்கும் சொல்லிக்காட்டத் தேவையில்ல.

அஜைல்ல, அதாவது ஸ்பிரின்ட் ஸ்பிரின்டா வேலை செய்யிற முறையில, இது இன்னும் மறைஞ்சு போறதுக்கு ஒரு காரணம் வெலோசிட்டி சார்ட், ஒவ்வொரு ஸ்பிரின்ட்லயும் எத்தின பொயின்ட் வேலை முடிஞ்சது எண்டு காட்டுற படம். பொயின்ட் எண்டா ஒரு வேலை எவ்வளவு பெரிசு எண்டு நாமளே போடுற புள்ளி. கோட் மோசமாக மோசமாக, முந்தி மூணு பொயின்ட் போட்ட வேலைக்கு இப்ப எட்டு போடுறம், முடிக்கிற மொத்த பொயின்ட் அப்பிடியே இருக்கும், சார்ட்ல கீறின கோடும் நேராப் போகும், மேல இருக்கிறவரு எல்லாம் நல்லாப் போகுது எண்டு நினைப்பாரு. அதால சார்ட்ட காட்டாம ஒரே மாதிரி ரெண்டு டிக்கெட்ட (ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைக்கிற பதிவ) பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க, போன வருசம் ஒரு ஃபோர்ம்ல ஒரு ஃபீல்ட் சேக்க எவ்வளவு நேரம் போச்சு, இப்ப எவ்வளவு போகுது எண்டு. இத விட பலமான ஆதாரம் நான் காணல்ல.

சிலபேர் பயங்காட்டப் பாப்பாங்க. 2012 ஓகஸ்ட் 1ம் திகதி அமெரிக்காவுல நைட் கெப்பிட்டல் எண்ட பங்கு வாங்கி விக்கிற கம்பெனி, சேர்வர்ல அழிக்காம விட்ட பழைய கோட் ஓடினதால முக்கால் மணித்தியாலத்துல 44 கோடி டொலருக்கு மேல இழந்தது உண்மைதான். ஆனா அது நியூயோர்க் பங்குச் சந்தை, கல்முனையில கடை வச்சிருக்கிறவருக்கு அதுல தன்னைக் காண ஏலாது. அவர்ட சொந்த நாள், அவர்ட சொந்தக் காசு, அதுலதான் அவருக்கு விளங்கும்.

எல்லாக் கடனையும் கட்டவும் தேவையில்ல. யாரும் தொடாத மொடியூல் (கோட்டுல ஒரு பகுதி) எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் கிடக்கட்டும், அதுக்கு வட்டி ஓடல்ல. கோட்ட யார் எப்ப மாத்தினது எண்டு பதிஞ்சு வச்சிருக்கிற கிட் லொக்க எடுத்து எந்த ஃபைல் அடிக்கடி மாறுது, எதுல பக் வருது எண்டு பாத்தாலே எங்க கட்டணும் எண்டு தெரியும். தனி ரிபெக்டர் ஸ்பிரின்ட் கேக்கிறதுல எனக்கு நம்பிக்கையே இல்ல, அந்த இடத்துல வேலை வரேக்க அந்த டிக்கெட்டோடயே கொஞ்சம் கொஞ்சமாக் கட்டணும், எஸ்டிமேட்லயும் மறைக்காம சொல்லணும்.

எனக்கு உண்மையில மனவருத்தம் தாறது வேற ஒண்டு. வந்தாறுமூலை கெம்பஸ்லயும் ஒலுவில் கெம்பஸ்லயும் படிச்சு வாற பிள்ளைகள் கெட்டிக்காரர், ஆனா மீட்டிங்ல இங்கிலீசுல ஒரு சேர் "கேன் யூ ஃபினிஷ் பை ஃப்ரைடே?" எண்டு கேட்டா உடன "யெஸ் சேர்" தான். ஏலாது எண்டு பெரியாக்களுக்குச் சொல்றது மரியாதை இல்லையெண்டு வளந்த பிள்ளைகள். அந்த யெஸ் சேர்லதான் பாதிக் கடன் உருவாகுது. தம்பி தங்கச்சிமாரே, வாயால சொல்ல ஏலாட்டி டிக்கெட்ல எழுதுங்க: வெள்ளிக்கிழம தரலாம், இன்னதத் திருத்தாம விட்டுத்தான் தரலாம், பிறகு அத மாத்த இன்னும் இத்தின நாள் போகும். எழுதி வச்சா அது ரெண்டு பேரும் சேந்து எடுத்த கடன், எழுதாட்டி உங்கட தலையிலதான்.

படிப்பிக்கிற சேர்மார், மிஸ்மார்கிட்டயும் ஒண்டு கேக்கிறன். ஃபைனல் புரொஜெக்ட் டெமோவுல ஸ்கிரீன் வேலை செய்யுதா எண்டு மட்டும் பாக்காம, அந்த இடத்துலயே ஒரு விதிய மாத்தச் சொல்லுங்க, வரி வீதம் மாதிரிச் சின்னதா ஒண்டு போதும். எத்தின ஃபைல திறக்கிறாங்க எண்டு பாத்து அதுக்கும் மார்க்ஸ் குடுங்க.