சொல்லாத வலியை மூளைக் கருவி அளந்துவிடுமா?

நோயாளி வாய் திறக்காமலேயே அவருடைய வலியை மூளைக் கருவி அளந்துவிடும், பொய்யாக வலி சொல்பவரும் அகப்பட்டுவிடுவார் என்று பரவும் செய்தி தவறானது. ஆதாரமாகக் காட்டப்படும் 2023ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் பங்கேற்றவர்கள் 4 பேர் மட்டுமே. பக்கவாதத்துக்குப் பிந்தைய வலியோ, இழந்த உறுப்பில் உணரப்படும் மாய வலியோ கொண்டிருந்த அவர்களுடைய மூளைக்குள் அறுவைச் சிகிச்சை மூலம் மின்முனைகள் பொருத்தப்பட்டு, மாதக்கணக்கில் பதிவுகள் எடுக்கப்பட்டன. அந்தப் பதிவுகளைப் படிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவை, நோயாளிகளே நாள்தோறும் பலமுறை தெரிவித்த வலி மதிப்பெண்கள்தாம். இதைச் செய்தி வசதியாக விட்டுவிட்டது. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியின் சமிக்ஞைகள் நாள்பட்ட வலியோடு பொருந்தினாலும், அவற்றின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுபட்டது. அவரவருக்கேற்ற மூளைத் தூண்டல் சிகிச்சையை உருவாக்குவதே ஆய்வின் நோக்கம். மூளைப் படங்களை வலிக்கான பொய் கண்டறியும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாதென்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கத்தின் பணிக்குழு 2017இலேயே அறிவுறுத்தியிருந்தது.