பயணச் செலவுத் தொகை முழுவதும் கோடை உலாவுக்கானது அன்று

மாநில வரவு செலவுத் திட்டத்தில் ‘பயணச் செலவுகள்’ எனக் காணப்படும் தொகை முழுவதும், மே மாதத்தில் மலர்க்காட்சி பார்க்க உதகைக்கு வரும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் செலவழிப்பதே என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அந்தத் தலைப்பில் சுற்றுப்பயணப்படி, மாறுதல் பயணப்படி, நிலையான பயணப்படி ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. கூடலூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஆய்வுக் கூட்டத்துக்கு உதகை வந்து திரும்பும் ஊழியரின் பேருந்துக் கட்டணமும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு ஏறி இறங்கும் கிராம நிர்வாக அலுவலரின் மாதாந்திரப் பயணப்படியும் அதில்தான் சேர்கின்றன. குடும்பத்தாரின் பயணமும் வீட்டுச் சாமான்களின் வண்டிக் கூலியும் இடம்பெறுவது பணியிட மாறுதலின்போதுதான். அலுவல் சுற்றுப்பயணத்தில் மனைவி மக்களுக்குப் படி கிடையாது.

கோடையில் மட்டும் பெருகும் ‘ஆய்வுகள்’ குறித்த ஐயம், இம்மலையில் குடியிருக்கும் எனக்கும் உண்டு. ஆனால் அரசு வாகனத்தில் வருபவருக்கான எரிபொருள் செலவு வேறு தலைப்பில் பதிவாவதால், அதை இத்தொகைக்குள் தேடுவதில் பயனில்லை. அதற்குரிய சான்று, வாகனம் எங்கே எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் குறிக்கும் ஓட்டப் பதிவேடு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து அதன் நகலைக் கேட்கலாம்.