இரண்டு பெட்டிக்கும் நடுவில் யார்?

ராத்திரி ஒன்றரை மணி. ஒரு மொபைல் டவரைச் சோதித்துப் பார்க்கும் பிரிட்ஜ் காலில், அதாவது எல்லோரும் சேர்ந்து பேசும் போன் அழைப்பில், பதினாறு பேர். ரேடியோ ஒரு கம்பெனியுடையது, அதை இயக்கும் பேஸ்பேண்ட் மென்பொருள் இன்னொரு கம்பெனியுடையது, அந்த மென்பொருள் ஓடுகிற சர்வர் மூன்றாவது கம்பெனியுடையது. திரையில் ஒரு அலாரம்கூட சிவப்பு இல்லை. நேர ஒத்திசைவு பிடித்துவிட்டது, செல், அதாவது டவர் பரப்பும் சிக்னல் வட்டம், ஆன் ஆகிவிட்டது, ரேடியோ நல்ல சூடாகவே இருக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் நான்கு டெஸ்ட் போன்களில் ஒன்றுகூட அப்படி ஒரு செல் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, லாக் அனுப்பிட்டோம்" என்றார் ரேடியோக்காரர். "எங்களுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் கைல இருக்கு, எல்லாம் பாஸ்" என்றார் பேஸ்பேண்ட்காரர். சர்வர்காரர் மியூட்டில் இருந்தார், அவர்தான் புத்திசாலி. இருவரையும் சேர்த்து வேலை செய்ய வைக்கும் பொறுப்பு எங்கள் டீமுக்கு. இருவரும் சொல்வது உண்மை என்பதுதான் அன்றைய சிக்கல்.

இதை இப்போது எழுதக் காரணம், நேற்று ஒரு நண்பர் போட்ட பதிவு. டவர் சாதனங்களுக்குப் பொது விதி எழுதும் ஓ-ரான் கூட்டமைப்பு வந்துவிட்டது, இனி யாருடைய ரேடியோவையும் யாருடைய மென்பொருளோடும் மாட்டிக்கொள்ளலாம், கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு வாங்குவது போலத்தான் என்று எழுதியிருந்தார். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கீபோர்டு என்றதும் அந்த ராத்திரி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

மொபைல் டவரில் மேலே ரேடியோ, கீழேயோ சில கிலோமீட்டர் தள்ளியோ பேஸ்பேண்ட். இரண்டுக்கும் நடுவே ஃபைபர். ரொம்ப காலம் இந்த இரண்டையும் ஒரே கம்பெனியிடம்தான் வாங்க முடிந்தது. 2003-இல் எரிக்சன், ஹுவாவே, என்இசி உள்ளிட்ட சில நிறுவனங்கள் சேர்ந்து சிபிஆர்ஐ என்ற இடைமுகத்தை வெளியிட்டன. பொதுவான ஸ்பெக் (விதிமுறை ஆவணம்), யாரும் இறக்கிப் படிக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுத் தகவலுக்கான பகுதியில் "இது தயாரிப்பாளருக்கு உரியது" என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். வீட்டு வரைபடத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்ட கதை.

இதற்கெல்லாம் முந்தைய முயற்சி ஒன்று உண்டு, இன்றைய இளம் இன்ஜினியர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெயர் டீனா. தொலைத்தொடர்பு நெட்வொர்க் முழுவதற்கும் ஒரே பொது மென்பொருள் கட்டமைப்பை உருவாக்குவதற்காக 1993-இல் வேலையைத் தொடங்கிய கூட்டமைப்பு. பிரிட்டனின் பிடி, ஜப்பானின் என்டிடி, அமெரிக்காவின் பெல்கோர் போன்றவை முன்னின்றன. ஆபரேட்டர்கள், சாதனத் தயாரிப்பாளர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் என்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களை நியூஜெர்சியின் ரெட் பேங்கில் இருந்த பெல்கோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. நேர் எதிர்ப் போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கட்டமைப்பு வரைந்தார்கள்.

என் முதல் மேனேஜரின் அலமாரியில் அந்த ஆவணங்கள் ஸ்பைரல் பைண்டிங் போட்டு இருந்தன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. வேலை இல்லாத ஒரு மதியம் எடுத்துப் புரட்டினேன், அப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. அவ்வளவு தெளிவு. நெட்வொர்க் என்பது பெட்டிகளின் கூட்டம் இல்லை, எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் ஓடி ஒன்றோடொன்று பேசும் மென்பொருள் துண்டுகளின் கூட்டம் என்று தொடங்குகிறது. சேவையைத் தருகிற மென்பொருள் தனி, தகவலைக் கடத்துகிற நெட்வொர்க் தனி. பயனர் உள்ளே நுழைவது ஓர் அமர்வு, சேவையைப் பயன்படுத்துவது இன்னோர் அமர்வு, அதற்காக இணைப்பு போடுவது மூன்றாவது அமர்வு. நுகர்வோர், சில்லறை விற்பனையாளர், தரகர், வெளிச் சேவை தருபவர், இணைப்பு தருபவர் என்று வியாபாரத்தில் யார் யார் இருப்பார்கள் என்பதையே முதலில் வரைந்து, ஒவ்வொரு இருவருக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். நுகர்வோருக்கும் சில்லறை விற்பனையாளருக்கும் நடுவே உள்ள கோட்டின் பெயர் 'ரெட்'. கிளவுடு என்று யாரும் பேசாத காலத்தில் எழுதியது இது.

2000 முடிவில் கூட்டமைப்பைக் கலைத்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் எல்லோரும் இன்டர்நெட்டைக் காட்டுவார்கள். டீனா வரைந்துகொண்டிருந்தபோதே வெப் ஓடத் தொடங்கிவிட்டது, முதலில் ஓட்டிப் பார், பிறகு ஸ்பெக் எழுது என்கிற கூட்டம் ஜெயித்தது என்பார்கள். வெவ்வேறு கம்ப்யூட்டர்களின் மென்பொருள்களைப் பேச வைக்கும் கோர்பா மாதிரியான கனமான அடித்தளத்தில் கட்டியதையும் குறையாகச் சொல்வார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் என் மேனேஜர் சொன்ன காரணம் வேறு. "கோடு போட்டோம், பேர் வச்சோம். அந்தக் கோட்டுல ஏதாவது அறுந்தா யாருக்கு போன் போடறதுன்னு எழுதல" என்றார். ரெட் பேங்கில் உட்கார்ந்து வரைந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய கம்பெனிகளின் கொள்முதல் துறையோ பழையபடி ஒரே வெண்டரிடம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. மொத்தமாக வாங்கினால் கோளாறு வரும்போது ஒரே நம்பருக்கு போன் போட்டால் போதும். இந்த வசதிக்கு எதிராகத்தான் எந்தப் பொதுக் கட்டமைப்பும் போட்டி போட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தோற்கிறது.

2012 அக்டோபரில் பதின்மூன்று ஆபரேட்டர்கள் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். நெட்வொர்க் வேலைகளைத் தனிப்பெட்டிகளில் இருந்து எடுத்துச் சாதாரண சர்வரில் மென்பொருளாக ஓட்டலாம் என்பது அதன் சாரம். இதுதான் என்எஃப்வி. பிறகு எட்சி என்ற ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பின் கீழ் கட்டமைப்பு வரைந்தார்கள். அந்த மென்பொருள்களை நிர்வகிக்கும் 'மேனேஜர்' மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாகவும் இருக்கலாம், வெண்டர் தனக்கென்று ஒன்றைக் கொண்டும் வரலாம் என்று இரண்டு வழிக்கும் இடம் கொடுத்தார்கள். அப்புறம் என்ன, வெண்டர்கள் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த 'கொண்டும் வரலாம்' எந்த அறையில், எத்தனை மணி நேர இழுபறிக்குப் பிறகு விழுந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கூட்டமைப்பில் போட்டி போடும் இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் சேர்த்துக்கொள்வதுதான் சமாதானம். 'விருப்பத்துக்குரியது' என்று ஸ்பெக்கில் எங்கே பார்த்தாலும், அங்கே ஒரு சண்டை தீராமல் கிடக்கிறது என்றே படிப்பேன்.

ஓ-ரானுக்கு வருவோம். 2018-இல் ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச்சு டெலிகாம், என்டிடி டொகோமோ, ஆரஞ்சு என்ற ஐந்து ஆபரேட்டர்கள் தொடங்கியது. இது டீனாவைவிட ஒரு விதத்தில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. உலகத்தையே வரையவில்லை. ரேடியோவுக்கும் பேஸ்பேண்டுக்கும் இடையே எங்கே வெட்டலாம் என்று, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி எட்டு வழிகளைப் பட்டியல் போட்டிருந்தது. அதில் ஏழாவதின் ஒரு வகையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஃபைபரில் ஓடும் ஒவ்வொரு பைட்டுக்கும் அர்த்தம் எழுதினார்கள். சிபிஆர்ஐ பூட்டி வைத்த இடத்தை நேராகப் போய்த் திறந்தார்கள். இதற்கு மட்டும் ஒரு சல்யூட் வைக்கலாம்.

ஆனால் அந்தத் திறந்த இடத்துக்குள்ளும் நிறைய 'விருப்பம்' இருக்கிறது. ஆன்டெனாக்களுக்குச் சிக்னல்களைக் கோத்துக் கொடுக்கும் கணக்கை பேஸ்பேண்ட் செய்யலாம், ரேடியோவும் செய்யலாம். சிக்னல் மாதிரிகளை அமுக்கி, அதாவது அளவைச் சுருக்கி, அனுப்பப் பல முறைகள், ஒவ்வொன்றுக்கும் பல பிட் அகலங்கள். இந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் இருவரும் ஒரே பெட்டியில் டிக் போட்டிருந்தால்தான் செல் எழுந்திருக்கும்.

இந்த நடுப்பகுதிக்கு உண்மையில் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் ஜப்பானின் ரகுடென் மொபைலைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் வணிகச் சேவை தொடங்கியது. 4ஜி-யில் நோக்கியா ரேடியோ, ஆல்டியோஸ்டார் மென்பொருள். நோக்கியா தன் இடைமுகத்தைத் திறந்து கொடுத்ததே அப்போது பெரிய செய்தி. அடுத்த ஆண்டே ரகுடென் அந்த ஆல்டியோஸ்டார் கம்பெனியையே வாங்கிப்போட்டது. ஒட்டு போடுகிறவனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்று முடிவெடுத்தார்கள் போல என்பது என் வாசிப்பு.

ஓ-ரானைத் தொடங்கிய ஐவரில் ஒருவரான ஏடி அண்ட் டி, 2023 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் ஒப்பந்தத்தை எரிக்சனிடம் கொடுத்தது. 2026 இறுதிக்குள் தன் வயர்லெஸ் டிராஃபிக்கில் 70 சதவீதம் திறந்த இடைமுகத்துக்குத் தயாரான சாதனங்களில் ஓடும் என்று இலக்கும் சொன்னது. "பாத்தியா, திறந்த நெட்வொர்க்குனு சொல்லிட்டு ஒரே ஆள்கிட்ட போயிட்டாங்க" என்று பலர் கிண்டல் செய்தார்கள். நான் அவர்களைத் திட்ட மாட்டேன். கோடிக்கணக்கான பேர் பேசுகிற நெட்வொர்க்கை நடத்துகிறவனுக்கு போன் போட ஒரு நம்பர் வேண்டும். என் குறை வேறு இடத்தில். 'தயாரான' என்ற சொல் மேல்தான் எனக்குச் சந்தேகம். கதவு திறக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது என்பது வேறு, அந்தக் கதவு வழியாக யாராவது தினமும் போய் வருகிறார்கள் என்பது வேறு. எண்ண வேண்டியது இரண்டாவதை.

ஓ-ரான் கூட்டமைப்பிடம் இதற்கு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுடைய சோதனைக்கூடங்கள் மூன்று விதமாகக் கொடுக்கின்றன: ஒரு பெட்டி ஸ்பெக்கோடு ஒத்துப்போகிறது என்ற சான்றிதழ், இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று வேலை செய்கின்றன என்ற பேட்ஜ், முழு அமைப்புக்கான பேட்ஜ். விளம்பரத்தில் எல்லோரும் தூக்கிக் காட்டுவது முதலாவதை. என்னைக் கேட்டால், டெண்டரில் முதலாவதுக்கு மதிப்பெண்ணே கொடுக்கக் கூடாது. இந்த ரேடியோ, இந்த மென்பொருள், இந்தப் பதிப்பு, இந்த செட்டிங், இந்தத் தேதி என்று ஜோடியாகக் காட்டினால் மட்டும் உள்ளே விடு. ஜோடி சேராமல் போன முயற்சிகளையும் வெளியிடச் சொல். அதோடு ஒப்பந்தத்திலேயே நடுப்பகுதிக்கு ஒரு பெயர் போட்டு, அவருக்குச் சம்பளமும் கொடு. இப்போது அந்த வேலை எங்களைப் போன்றவர்களின் தலையில், "சின்ன இன்டெக்ரேஷன்" என்ற தலைப்பில், ஒரு வரிச் செலவாக வந்து விழுகிறது.

அந்த ராத்திரிக்குத் திரும்புகிறேன். மூன்று மணிக்கு மேல் ஃபைபரில் ஓடும் பாக்கெட்டைப் பிடித்து, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்தோம். அதில் ஒரு செட்டிங் இருந்தது: அமுக்க முறையைச் சொல்லும் சிறு தலைப்பு பாக்கெட்டில் இருக்கிறதா இல்லையா என்று நாமே டிக் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்த வயர்ஷார்க்கால் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. டிக் போட்டால் எண்கள் அழகாக இருந்தன. எடுத்தால் குப்பை. அமுக்க முறையை முன்கூட்டியே ஒரு தடவை பேசி முடிவு செய்துகொள்ளலாம், அல்லது ஒவ்வொரு செய்தியிலும் சொல்லலாம், இரண்டையுமே ஸ்பெக் அனுமதிக்கிறது. பேஸ்பேண்ட் ஒவ்வொரு செய்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. ரேடியோ, முன்பே பேசியாயிற்று என்று நினைத்து, அந்த இரண்டு பைட்டையும் சிக்னலாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் வந்த எல்லாம் இரண்டு பைட் தள்ளிப்போய், ஆன்டெனாவில் வெறும் இரைச்சல். ஐந்தரை மணி நேரம் நாங்கள் ஒளிபரப்பியது அதைத்தான்.

பேஸ்பேண்ட் பக்கம் ஒரு வரியை மாற்றினோம். நான்கு போனும் ஒரு நிமிஷத்துக்குள் செல்லைப் பிடித்தன. கோளாறைப் பதிவு செய்த டிக்கெட்டை மூடும்போது 'காரணம்' என்ற கட்டத்தில் ரேடியோ கம்பெனியா, மென்பொருள் கம்பெனியா என்று தேர்வு செய்யச் சொன்னது. நடுவில் என்று ஒரு தேர்வு அந்தப் பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்று போட்டு மூடினேன்.

இரண்டு மாதம் கழித்து பேஸ்பேண்டுக்குப் புதுப் பதிப்பு ஏற்றினார்கள். அந்த ஒரு வரி பழையபடி டிஃபால்ட்டுக்குப் போய்விட்டது. ராத்திரி பதினொன்றே காலுக்கு போன் அடித்தது, அதே பிரிட்ஜ், சர்வர்காரர் அதே மியூட்டில்.